மூன்றாவது தாள்

லிண்டாவுராவை அவள் தெருவில் எல்லோரும் ‘தொத்தோரா’, அதாவது டாக்டரம்மா, என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் டாக்டருக்குப் படித்தவள் இல்லை. கோயானியா போகிற சாலையோரத்து மருந்தாலையில், தரம் பார்க்கிற பிரிவில், எக்ஸ்ரே கருவியின் முன்னால் பதினான்கு வருஷமாக உட்கார்ந்திருப்பவள், அவ்வளவுதான். ஆரம்பத்தில் இரண்டு மூன்று முறை, “அய்யய்யோ, நான் டாக்டர் இல்லைங்க” என்று மறுத்துப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். காதுக்குச் சுகமாக இருந்தது.

அவள் பார்த்த வேலை இதுதான். வெளிநாட்டிலிருந்து டிரம் டிரம்மாக மருந்துப் பொடி வரும். ஒரு சிட்டிகை எடுத்து, கையில் நெருடாதபடி அரைத்து, நடுவில் குழியுள்ள சின்னத் தட்டில் போட்டு, கண்ணாடித் துண்டால் மேலே சமமாக வழித்து, கருவிக்குள் வைக்க வேண்டும். கருவி எக்ஸ்ரே கதிரை ஒவ்வொரு கோணமாக அடித்துக்கொண்டே போகும். பொடியின் படிகம் எந்தக் கோணத்தில் கதிரைத் திருப்பி அனுப்புகிறதோ, அந்த இடத்தில் தாளில் ஒரு முகடு எழும். எந்தெந்த இடத்தில் முகடு என்று பார்த்தால் உள்ளே இருக்கும் படிகம் எது என்று சொல்லிவிடலாம்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் பூச்சி மாத்திரையில் இது ரொம்ப முக்கியம். மெபெண்டசோல் என்ற அந்தப் பொடி மூன்று விதமாக உறையும். ஏ, பி, சி என்று பெயர். சாதாரண ரசாயனச் சோதனையில் மூன்றும் ஒரே பதிலைத்தான் சொல்லும். மூலக்கூறுகள் அடுக்கியிருக்கிற விதம் மட்டும் வேறு. சி வேண்டிய அளவு கரைந்து வயிற்றுப் பூச்சியைக் கொல்லும். ஏ சரியாகக் கரையாது; பூச்சிக்கு வலிக்கக்கூட வலிக்காமல் அப்படியே வெளியே போய்விடும். தாளில் ஏழரை டிகிரியைத் தாண்டினதும் ஒரு முகடு நின்றால் அது ஏ. அந்த இடத்தில் வேறு எதற்கும் வேலையில்லை.

டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸுக்கு ஆலையை மூடுவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது, லிண்டாவுரா அந்த முகட்டைப் பார்த்தாள். சின்ன முகடில்லை. தனியாக, நெட்டுக்குத்தலாக நின்றது.

அவளுக்கு முதலில் வந்தது பயம். காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு மருந்தில் முகடுகள் இடம் மாறியிருக்கின்றன என்று சொல்லி, ஒரு தொகுதியையே நிறுத்தி வைத்தாள். எட்டு நாள் மாத்திரை அடிக்கும் பிரிவு சும்மா கிடந்தது. கடைசியில் கருவி பழுதுபார்க்க சாவ் பாவ்லோவிலிருந்து வந்த ஆள், தட்டு அரை மில்லிமீட்டர் மேலே தூக்கி நிற்பதைக் கண்டுபிடித்தான். தட்டு தூக்கினால் எல்லா முகடும் நகரும். பொடியில் குறையே இல்லை. அவள் தட்டை ஒழுங்காக வைக்கவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டுக் கூடத்தில் அவளுக்கு ‘கோணத் தட்டு’ என்று பெயர். “கோணத் தட்டு, அந்த அவரைக்காய்ச் சட்டிய நேரா வெச்சுக் குடும்மா, சிந்திடப்போவுது” என்பான் மாத்திரைப் பிரிவு மேஸ்திரி. சிரிப்பில் மேசையே குலுங்கும். அவளும் சிரித்துவைப்பாள். வீட்டுக்குப் போய்க் குளியலறையில் அழுவாள்.

அதனால் இந்த முறை தட்டை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். அளவுகோல் வைத்தும் பார்த்தாள். தட்டு நேராகத்தான் இருந்தது. அதே டிரம்மிலிருந்து இன்னொரு சிட்டிகை எடுத்து மறுபடி ஓட்டினாள். முகடு அதே இடத்தில் நின்றது.

கதவைத் தட்டாமலே மேஸ்திரி எட்டிப் பார்த்தான். “என்ன, ஆச்சா? நகராட்சிக்குப் போற சரக்கு. பள்ளிக்கூடம் தொறந்ததும் புள்ளைங்களுக்குக் குடுக்கணும். மெஷின்ல ஆள் போட்டு உக்காந்திருக்கேன்.”

“இன்னும் கொஞ்சம் நேரம்.”

“திரும்பவும் தட்டா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

அந்த ஒரு வார்த்தைதான். லிண்டாவுரா எழுந்து போய், கோடியில் நின்ற வேறொரு டிரம்மிலிருந்து பொடி எடுத்து வந்தாள். ஓட்டினாள். தாள் சுத்தமாக வந்தது, சி மட்டும். ஒரே தொகுதியில் ஒரு டிரம் ஒரு மாதிரி, இன்னொரு டிரம் இன்னொரு மாதிரி என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. எல்லா டிரம்மையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் ஆகும். அதைச் சொல்ல அவள்தான் எழுந்து போக வேண்டும்.

நோட்டில் எழுதினாள்: ‘முதல் இரண்டு ஓட்டம்: தட்டு சரியாக அமையவில்லை. தள்ளப்பட்டது. மூன்றாவது ஓட்டம்: சரி.’ கையெழுத்துப் போட்டாள். மூன்றாவது தாளைக் கோப்பில் வைத்தாள். மற்ற இரண்டையும் மடித்து இழுப்பறையின் அடியில் போட்டாள். கிழித்துப் போடக் கை வரவில்லை.

பிப்ரவரிக் கடைசியில் மாத்திரை பள்ளிக்கூடத்துக்கு வந்தது. மூன்று நாள், காலையும் மாலையும் ஒவ்வொன்று. அட்டைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, தாய்மாரிடம் சொல்லி, நோட்டில் குறித்தவள் சுகாதார நிலையத்து ஊழியை ஜெனரோசா. ஐம்பத்தைந்து வயது. நீல மேல்சட்டை, ஆண்கள் ஓட்டும் பழைய சைக்கிள், அதன் முன்னால் ஒரு கூடை. லிண்டாவுரா குடியிருந்த விலா ஜெனிப்பாப்போவில் அவள் நுழையாத வீடு இல்லை. யாருக்கு ரத்த அழுத்தம், யாருக்கு எத்தனையாவது மாதம் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

ஏப்ரலில் பேச்சு கிளம்பியது. மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகளுக்குப் பூச்சி போகவே இல்லை. வயிறு உப்பியது உப்பினபடி இருந்தது. வகுப்பில் தூங்கி விழுந்தார்கள். ஒருத்தி மகன் வாயிலிருந்தே பூச்சி வந்ததாம். ஒரு தாய் ஆரம்பித்தாள்: ஜெனரோசா மாத்திரையை வெயிலில் போட்டு வதக்கியிருக்கிறாள். இன்னொருத்தி சேர்த்தாள்: பாதியைத்தான் கொடுத்திருப்பாள், மீதி எங்கே போயிற்றோ. தலைமையாசிரியை ஒரு சனிக்கிழமை காலை கூட்டம் போட்டு, “நம்ம தெருவுலயே மருந்தாலைக்காரங்க இருக்காங்களே” என்று லிண்டாவுராவையும் அழைத்தாள்.

பள்ளி முற்றம் நிறைய ஆட்கள். ஜெனரோசா நீலச் சட்டையோடு சுவரோரம் நின்றாள். மைக்கை லிண்டாவுராவின் கையில் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்காரலாம் என்றுதான் அவள் எழுந்தாள். அத்தனை முகமும் தன்னையே பார்த்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது.

“எங்க மாத்திரைல ஒரு குறையும் கெடையாது. எக்ஸ்ரே வெச்சு, படிகம் படிகமாப் பாத்துத்தான் வெளிய அனுப்புறோம். இந்தத் தொகுதியப் பாத்ததே நான்தான். ஆனா எவ்வளவு நல்ல மாத்திரையா இருந்தாலும், சைக்கிள் கூடையில போட்டு வெயில்லயும் மழையிலயும் ஊரைச் சுத்தினா அது என்னத்துக்கு ஆவும்?”

கை தட்டினார்கள். “அப்படிச் சொல்லுங்க தொத்தோரா!” என்றது ஒரு குரல். சுவரோரமிருந்து ஜெனரோசா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “போதும், போதும்” என்று நாலு பேர் அடக்கினார்கள். லிண்டாவுரா மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். கைதட்டல் அடங்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும் என்று அந்த நொடியில் அவள் ஆசைப்பட்டாள். பிற்பாடு அந்த நாளை நினைத்தபோதெல்லாம் இந்த ஆசைதான் அவள் கண்ணில் முள்ளாகக் குத்தியது.

திங்கட்கிழமை ஆலை வாசலில் சைக்கிள் நின்றது. காவலாளி கூப்பிட்டனுப்பினான். லிண்டாவுரா வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்தாள்.

ஜெனரோசா ஒரு மாத்திரை அட்டையை நீட்டினாள். “ஒரு வீட்டுல ஆள் ஊருக்குப் போயிட்டாங்க. அதுல மிஞ்சினது. உங்ககிட்டதான் மெஷின் இருக்கே தொத்தோரா, பாத்துச் சொல்லுங்க. என்னாலதான் கெட்டுச்சுன்னா கெட்டுச்சுன்னு சொல்லிடுங்க. ராத்திரி தூக்கம் வரல.”

“பாக்கறேன் தோனா ஜெனரோசா. வேலை நெறைய கெடக்கு. பாத்துட்டுச் சொல்றேன்.” வயசுக்கு மரியாதையாக ‘தோனா’ சேர்த்துத்தான் சொன்னாள்.

அட்டையை இழுப்பறையில் போட்டாள். அடியில் அந்த இரண்டு தாள்கள் இருந்தன. மறுநாள் திறந்தாள், மூடினாள். மூன்றாம் நாள் திறக்கவேயில்லை. ஒரு தட்டு ஓட்ட அரைமணிகூட ஆகாது. ஒன்பது நாள் அவளுக்கு அந்த அரைமணி கிடைக்கவில்லை.

அதற்குள் ஜெனரோசாவைத் தெருவேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சுகாதார நிலையத்தின் பின்னறையில் பழைய நோயாளிச் சீட்டுகளை அடுக்கும் வேலை கொடுத்தார்கள். எட்டாம் நாள், மார்லூசியா என்ற துணி தைப்பவளின் மகள், ஏழு வயது ராயானே, பள்ளியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பச்சையாக வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தால், குடலில் பூச்சிகள் நூல்கண்டு மாதிரிச் சுருண்டு அடைத்துக்கொண்டிருந்தன.

அந்தச் செய்தியை லிண்டாவுரா ரொட்டிக் கடையில் நின்றபோது கேட்டாள். கடைக்காரி சொன்னாள்: “அந்த ஜெனரோசாவ ஜெயில்ல போடணும். இல்லையா தொத்தோரா?”

லிண்டாவுரா ரொட்டியை வாங்காமலே திரும்பி நடந்தாள்.

ஆலைக்கு வந்ததும் அட்டையிலிருந்து நாலு மாத்திரையை உடைத்து, அரைத்து, தட்டில் வழித்து ஓட்டினாள். மாத்திரையில் மாவும் பால்சர்க்கரையும் கலந்திருக்கும். அவற்றின் முகடுகள் எல்லாம் தள்ளித்தான் வரும். ஏழரையைத் தாண்டின இடத்தில் அது நின்றது. டிசம்பரில் நின்ற மாதிரியே.

அப்போதும் அவள் மனசு ஒரு சந்து தேடியது. சூடும் ஈரமும் சேர்ந்தால் சி கொஞ்சம் கொஞ்சமாக ஏ ஆக மாறக்கூடும். அதைப் பற்றிக் கட்டுரையே படித்திருக்கிறாள். கூடையில் கிடந்த மாத்திரை மாறியிருக்கலாம் அல்லவா? ஒவ்வொரு தொகுதியிலும் ஆலை கொஞ்சம் மாத்திரையை எடுத்துக் குளிரறையில் பூட்டி வைக்கும். வெயிலே படாத மாத்திரை. சாவி வாங்கிப் போய் எடுத்து வந்தாள். அதை ஓட்டும்போது, வாழ்க்கையில் முதல்முறையாக, இந்தத் தாள் சுத்தமாக வரவேண்டும் என்று கடவுளைக் கும்பிட்டாள்.

தாள் சுத்தமாக வரவில்லை.

தரப் பிரிவின் தலைவர் வால்திவினோ அறுபதை நெருங்கியவர், நிதானமான மனுஷர். ஜெனரோசாவின் அட்டையிலிருந்து வந்த தாளை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“கூடையில வெந்திருக்கும்மா. ஈரமும் சேர்ந்திருக்கும். மாறிடும், தெரியுமே உனக்கு. அப்படியே ஒரு குறிப்பு எழுதிடு. அந்தப் பொம்பளையும் பாவம், தெரிஞ்சா செஞ்சா?”

அவர் வேண்டுமென்றே பழி சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். லிண்டாவுரா தலையை ஆட்டினால் போதும், அன்றோடு முடிந்துவிடும். அவள் தலையை ஆட்டவில்லை. குளிரறை மாத்திரையின் தாளை எடுத்து அவர் மேசைமேல் வைத்தாள். அதன்மேல், மடிப்புக் குலையாமல், டிசம்பர் மாதத்து இரண்டு தாள்களையும் வைத்தாள்.

அவர் ஒவ்வொன்றாகத் தேதி பார்த்தார். அந்தத் தொகுதியின் கோப்பை வரவழைத்தார். நோட்டைப் பிரித்தார்.

“இங்க, தட்டு சரியா அமையலன்னு எழுதியிருக்கியே லிண்டா.”

“தட்டு சரியாத்தான் இருந்துச்சு, சார்.”

“என்ன?”

“அளவுகோல் வெச்சுப் பாத்தேன். நேராத்தான் இருந்துச்சு. நான்தான் பொய் எழுதினேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார், மேசையைத் தட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. “என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமேம்மா. நான் சிரிச்சேனா உன்னப் பாத்து? ஒரு நாளாச்சும் சிரிச்சேனா?” என்று மட்டும் கேட்டார். அவர் சிரித்ததில்லை. அது நிஜம்.

அன்று மாலையே நகராட்சிக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுக்காரர்களுக்கும் கடிதம் போயிற்று. மாத்திரையைத் திரும்ப வாங்கினார்கள். விசாரணைக் குழு வந்தது. லிண்டாவுராவைக் கருவியறையிலிருந்து எடுத்து, முடிவு வரும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். ‘ஆலைத் தரப்பில் ஏற்பட்ட பிழை’ என்று பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வரிக் கடிதம் வந்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. யாரும் நின்று படித்ததாகத் தெரியவில்லை. ரொட்டிக் கடையில் இன்னும் ஜெனரோசாவின் பெயர்தான் அடிபட்டுக்கொண்டிருந்தது.

லிண்டாவுரா ஜெனரோசாவின் வீட்டு வாசலில் நின்று, அந்த ஊர் வழக்கப்படி ஆளைக் கூப்பிடக் கையைத் தட்டினாள். ஜெனரோசா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கைகூடத் துடைக்கவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் கடன்காரனுக்குக்கூட ஒரு வாய் காபி கிடைக்கும்.

வேலிக்கு வெளியே நின்றபடியே லிண்டாவுரா எல்லாவற்றையும் சொன்னாள். மேஸ்திரியின் கேலியையும் சொன்னாள். சொல்லும்போதே அது சாக்குப்போக்கு மாதிரி அவள் காதிலேயே விழுந்தது. நிறுத்திக்கொண்டாள்.

“ஒம்பது நாளு,” என்றாள் ஜெனரோசா. “நான் குடுத்துட்டு வந்து ஒம்பது நாளு. அந்த ஒம்பது நாளும் நான் என்னன்னு நெனச்சேன் தெரியுமா? மெஷின்ல வெச்சுப் பாத்துட்டாங்க, தப்பு என்னோடதுதான், மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசில்லாம சும்மா இருக்காங்க, நல்ல மனுஷின்னு நெனச்சேன்.”

“என்னை மன்னிச்சிடுங்க தோனா ஜெனரோசா.”

“இங்க வந்து, வேலிக்கு அந்தாண்ட நின்னு, என் காதுல மட்டும் சொன்னா யாருக்கு ஆச்சு? அன்னிக்கு மைக்லதானே சொன்னே? அதே மைக்ல சொல்லு. நான் மன்னிக்கிறதும் மன்னிக்காததும் அப்பறம்.” முதல்முறையாக ஒருமையில் பேசினாள். தொத்தோராவும் போய்விட்டது.

தலைமையாசிரியைக்கு இன்னொரு கூட்டம் போட இஷ்டமில்லை. “கடிதம்தான் ஒட்டியாச்சே, ஆறின புண்ணை ஏன் கிளறணும்?” என்றாள். லிண்டாவுரா மூன்று நாள் தொடர்ந்து போய் அவள் அறை வாசலில் உட்கார்ந்தாள். ஆலையிலிருந்தும் போன் வந்தது: விசாரணை முடியுமுன் வெளியில் எதுவும் பேசக் கூடாது. “என்னைப் பத்தி மட்டும்தான் பேசுவேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை முன்பு வந்ததில் பாதிப் பேர்தான் வந்தார்கள். ஜெனரோசா வந்தாள். நீலச் சட்டை இல்லை, பூப்போட்ட சாதாரணச் சட்டை. கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

லிண்டாவுரா எழுதிக்கொண்டு வந்த காகிதத்தைப் பிரித்தாள். முதல் வரியைப் பார்த்தாள். மடித்துவிட்டாள்.

“அன்னிக்கு இதே எடத்துல நின்னு, தோனா ஜெனரோசா மாத்திரைய வெயில்ல போட்டுக் கெடுத்துட்டாங்கன்னு நான் சொன்னேன். அது பொய். மாத்திரை ஆலையிலயே கெட்டதுதான். அது கெட்டதுன்னு காட்டின தாளை நான் ஒளிச்சு வெச்சேன். அவங்க ஒழுங்கா, நேரத்துக்கு, வீடு வீடாக் கொண்டாந்து குடுத்தாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

முன்வரிசையில் மார்லூசியா எழுந்தாள். மகளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

“எத்தன தடவ பாத்தே அந்தப் பொடிய?”

“மூணு தடவ.”

“எத்தன தடவ நல்லதுன்னு வந்துச்சு?”

“ஒரு தடவ.”

“அந்த ஒண்ண எடுத்து வெச்சுக்கிட்டே.”

“ஆமா.”

“ஏன்?”

என்ன சொல்வது? சாப்பாட்டுக் கூடத்தில் சிரித்தார்கள் என்றா? அந்த முற்றத்தில், அந்தத் தாயின் முன்னால், அது எவ்வளவு அற்பமாகத் தெரிந்தது! ஆனால் அதைத் தவிர வேறு காரணம் அவளிடம் இல்லை.

“முன்ன ஒரு தடவ தப்பு பண்ணி எல்லாரும் என்னைக் கேலி பண்ணாங்க. மறுபடியும் கேலி பண்ணுவாங்களோன்னு பயந்தேன்.”

“அவ்வளவுதானா?” என்றாள் மார்லூசியா. குரலில் கோபம்கூட இல்லை. நம்ப முடியாத ஒரு திகைப்புதான். “அவ்வளவுக்குத்தானா?”

யாரோ பின்னால், “தொத்தோராவாம், தொத்தோரா” என்று துப்பினார்கள். இரண்டு மூன்று பெண்கள் எழுந்து கடைசி வரிசைக்குப் போனார்கள். ஜெனரோசாவிடம் என்ன சொன்னார்களோ, அவள் முகம் கொடுக்கவில்லை. “நீங்களுந்தான் கை தட்டினீங்க” என்று அவள் சொன்னது மட்டும் எல்லோருக்கும் கேட்டது. பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். மே மாதக் கடைசியில் அவளைத் தெருவேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். பதினைந்து நாள் கழித்துத்தான் போனாள். லிண்டாவுராவின் வீட்டுக்கும் வந்தாள், மற்ற வீடுகளுக்குப் போகிற மாதிரியே. கேட்க வேண்டியதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. லிண்டாவுராவும் கேட்கவில்லை. ஆலையில் அவளுக்கு வேலை போகவில்லை. அட்டைப்பெட்டிகளில் தேதி சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கும் இடத்தில் போட்டார்கள். கருவியறைக்குள் போக அவளுக்கு அனுமதி இல்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று கூட்டம் கலைந்ததும் மார்லூசியா லிண்டாவுராவின் முன்னால் வந்து நின்றாள்.

“வீட்டுக்கு வா. வந்து பாரு.”

அதற்கு மறுப்புச் சொல்ல அவளுக்கு உரிமையில்லை. பின்னாலேயே நடந்தாள். தையல் எந்திரத்துக்குப் பக்கத்தில், வெட்டின துணிகளுக்கு நடுவே, சாய்வு நாற்காலியில் ராயானே உட்கார்ந்து கொய்யாப்பழ மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். புதிதாக ஆள் வந்த சந்தோஷம் அவளுக்கு. யார், எவர் என்று கேட்கவில்லை. சட்டையைக் கழுத்துவரை தூக்கினாள்.

“பாத்தீங்களா? பெரிசு! எங்க கிளாஸ்லயே யாருக்கும் இல்ல. பதினொண்ணு தையல். எண்ணிப் பாருங்க.”

லிண்டாவுரா மார்லூசியாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கதவில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“கேக்கறால்ல? எண்ணு.”

லிண்டாவுரா தரையில் முட்டி போட்டாள். தொப்புளிலிருந்து மேலே ஓடிய அந்தச் சிவந்த கோட்டைத் தொடாமல், விரலைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, ஒவ்வொன்றாக எண்ணினாள். ஆறில் கண் மறைத்தது.

“அய்யே, விட்டுட்டீங்க,” என்றாள் குழந்தை. “மொதல்லேருந்து.”

அவள் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.